வடக்குச் சுவர் மட்டும்

மூன்று உறைகள் வந்திருந்தன.
மூன்று நிறுவனம், மூன்று முத்திரை,
விலைகள் படிக்கட்டு மாதிரி
நூறு நூறு சோம் இடைவெளியில்.
மூன்றிலும் 'நிலக்கரி' என்ற சொல்லில்
ஒரே இடத்தில் ஒரே எழுத்து விட்டுப்போயிருந்தது.

என் பெயர் ஜிபார்குல்.
நாரின் பக்கம் ஒரு மாவட்டக் கொள்முதல் குழுவில்
குறிப்பெழுதுகிறவள்.
எழுத்துப்பிழைக்கென்று குறிப்பேட்டில் கட்டம் கிடையாது.
தலைவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:
"எது குறைச்சலோ அது. சட்டம் அப்படி."
ஐந்து கைகள் உயர்ந்தன.
ஐந்தாவது என்னுடையது.

அக்டோபரில் லாரிகள் வந்தன.
மலையடிப் பள்ளியின் கொதிகலன் அறையில்
குளிர்காலமெல்லாம் அடுப்போடு உறங்குகிற சோபுபேக்
ஒரு பிடி கரித்தூளை அள்ளி
உள்ளங்கையில் பிழிந்தாராம்.
சொட்டியதாம்.
"தண்ணீரையும் டன் கணக்கிலா வாங்குகிறார்கள்?"
ஓட்டுநர் சிரித்தானாம். அவனுக்கும் கூலிதான்.

தள்ளுவண்டிக்கு ஐம்பது கிலோ.
வண்டி ஒன்றுக்குக் கோடு ஒன்று,
அதே கரித்துண்டால்
வடக்குச் சுவரில்.
எண்ணூற்றிருபது கோடுகள்.
காகிதத்தில் அறுபது டன்.
சுவரில் நாற்பத்தொன்று.

ஜனவரியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
பேனா முனையை வாயில் வைத்து
ஊதி ஊதி எழுதினார்கள்.

அந்த வருடம்தான் எங்களுக்கு இணையதளம் வந்தது.
இனி வாளி வாங்கினாலும் அதில் ஏற்ற வேண்டும்
என்று பிஷ்கெக்கிலிருந்து வந்து இரண்டு நாள்
பாடம் நடத்திவிட்டுப் போனார்கள்.
"யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்?"
என்றார் தலைவர்.
நியாயமான கேள்வி.
நானே பார்த்ததில்லை.

தணிக்கை வருகிறது என்ற செய்தி
தணிக்கைக்கு முன்பே வந்தது.
மறுநாள் ஒரு ரசீது என் மேசைக்கு:
சுண்ணாம்பு பன்னிரண்டு கிலோ,
தூரிகை ஒன்று,
கூலி அரை நாள்,
கொதிகலன் அறை, வடக்குச் சுவர் மட்டும்.

ஏற்றினேன்.
அந்த 'மட்டும்' உட்பட,
ஓர் எழுத்தும் விடாமல்.

மூன்று நாள் யாரும் பார்க்கவில்லை.
நான்காம் நாள் பார்த்தவர் எண்ணிக்கை ஒன்று.
அது நான்.

பிறகு குல்சைரா.
சந்தையில் குமிஸ் விற்கிறவள்,
மகன் மூன்றாம் வகுப்பு.
பெற்றோர் கூட்டத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் கேட்டாள்:
"நாலு சுவர் இருக்கிற அறையில்
ஒன்றுக்கு மட்டும் எதற்கு வெள்ளை?"

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.
தலைவர் சன்னலைப் பார்த்தார்.
நான் குறிப்பெழுதினேன்: கேள்வி கேட்கப்பட்டது.
சோபுபேக் எழுந்து கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவே.
எல்லாரும் அடுப்பறைக்குப் போனோம்.

கரி ஒரு பூச்சுக்கெல்லாம் அடங்காது.
வெள்ளைக்குள்ளிருந்து
மங்கலாக, மழைக்கால நகக்கீறல் போல,
கோடுகள் வெளியே வந்துகொண்டிருந்தன.
குல்சைரா சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.
இருநூறுக்குப் பிறகு
மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தலைவர் இப்போது வேறு மாவட்டத்தில் தலைவர்.

இந்த முறை ஏழு பேர் விலை கொடுத்தார்கள், திரையில்.
பல் விழுந்த வாய்போல ஒழுங்கில்லாத விலைகள்;
பார்க்க நிம்மதியாக இருந்தது.
இரண்டில் மட்டும் அந்த எழுத்து இல்லை.
இப்போது அதற்கு நானே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

லாரி வந்தால் சோபுபேக் இன்றும் பிழிந்துதான் பார்க்கிறார்.
பள்ளிக்கு ஒரு எடைமேடை வேண்டுமென்று
மனு கொடுத்திருக்கிறார்.
அதற்கு டெண்டர் விட வேண்டும்.