பங்கேற்பாளர் ஏழு

மாதத்தில் ஒரு சனிக்கிழமை
ஹம்பர் பாலத்தைக் கடக்கிறேன்.
போக ஒன்றரை பவுண்ட், வர ஒன்றரை.
ஐந்து வருடமாகப் பாலத்துக்கு அழுததைக் கூட்டினால்
நல்ல குளிர்கோட்டு ஒன்று வாங்கியிருக்கலாம்.

மற்ற நாளெல்லாம் கிரிம்ஸ்பியில்
மீன் கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள பள்ளியில்
துணைத் தலைமையாசிரியை.
ஏழேமுக்காலுக்கு வாசலில் நின்று
அவிழ்ந்த டைகளைக் கட்டச் சொல்கிறேன்.
நான்கரைக்கு யாருடைய அம்மாவோ
தொலைபேசியில் கத்துவதைக் கேட்கிறேன்.
எட்டு மணிக்கு
நீச்சல்குளத்துக் கார் நிறுத்தத்தில்
ஸ்டியரிங்கில் மடிக்கணினியைச் சாய்த்து
ஒரு பத்தி எழுதுகிறேன்.
மகள் ஈரத்தலையோடு வந்து கண்ணாடியைத் தட்டும்போது
அதே பத்தியை அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பகுதிநேர முனைவர் பட்டம்
என்கிறது பல்கலைக்கழகக் கடிதம்.
எதன் பகுதி என்று சொல்லவில்லை.
உறக்கத்திலா,
ரோலண்டின் ஐம்பதாவது பிறந்தநாளிலா,
நான் ஓர் அடிக்குறிப்பில் நின்றுவிட
அடுப்பில் பொங்கி வழிந்த பாஸ்தாவிலா.

நான் ஆராய்வது ஓர் அறையை.
எங்கள் பள்ளி அறைதான்.
'சிந்திக்கும் அறை' என்று கதவில் எழுதியிருக்கிறது.
சுவரைப் பார்த்த பன்னிரண்டு மேசைகள்,
இடையில் பலகைத் தடுப்பு.
பேசக் கூடாது. திரும்பக் கூடாது.
கழிப்பறைக்கு இரண்டு முறை.

நெறிமுறைக் குழுவின் படிவத்தில்
பதினான்காம் கேள்வி:
பங்கேற்பாளர்மீது ஆய்வாளருக்கு
அதிகாரம் ஏதும் உண்டா?
இருநூறு சொல்லுக்குள் விளக்குக.
உண்டு என்று ஒரு சொல் எழுதினேன்.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றொன்பதில்
அதை எப்படி இல்லாமலாக்குவேன் என்று எழுதினேன்.
கழுத்து அட்டையைக் கழற்றிவிடுவேன்,
நூலகத்தில் சந்திப்பேன்,
பிஸ்கட் இருக்கும்,
விரும்பினால் எந்த நிமிடமும் எழுந்து போகலாம்.
குழு ஒப்புதல் தந்தது.

பங்கேற்பாளர் ஏழு வந்தான்.
பெயர் எழுதக் கூடாது.
வயது பதினான்கு.
அப்பா கடலில் காற்றாலை பழுதுபார்க்கிறவர்,
இரண்டு வாரம் அலைமேல், இரண்டு வாரம் சோபாமேல்.
பிஸ்கட்டைத் தொடவில்லை.
ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளியைக் காட்டி,
"ஓடுதா மிஸ்?"
ஓடுகிறது.
"எந்திரிச்சுப் போகலாமா?"
போகலாம்.
"நிஜமாவா?"
நிஜமாக.
கதவுவரை போனான். கைப்பிடியைத் திருகினான்.
வந்து உட்கார்ந்தான்.
"சும்மா பாத்தேன்."

அந்த அறையில் நாள் முழுக்க என்ன செய்வாய் என்றேன்.
"உங்க கையெழுத்தைப் போட்டுப் பழகுவேன்,
தடுப்புப் பலகையில, பென்சிலால.
அனுப்புற சீட்டுல இருக்கும்ல.
ஹெச் நல்லா வந்துருச்சு.
கடைசியில ஒரு வால் இழுப்பீங்களே மிஸ்,
அது மட்டும் பிடிபடல."

இதைத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.
மேற்பார்வையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார்:
அருமையான தரவு! விரிவாக்கவும்.

விரிவாக்கினேன், இரண்டாயிரத்து நூறு சொல்.
பள்ளி பூட்டியபின் ஒரு மாலை
டார்ச்சோடு போய்ப் பலகையைப் பார்த்தேன்.
முப்பத்தொரு முறை நான்.
சில இடத்தில் என்னைவிட நன்றாக.

திங்கள் காலை மேசையில் ஒரு சீட்டு.
நாற்காலியை எறிந்தான், வேதியியல் ஆய்வகம்,
யாருக்கும் அடியில்லை, ஒரு நாள் அறை.
பெயர் முழுதாக எழுதியிருந்தது,
எண்ணாக இல்லாமல்.
ஆசிரியர் இருவர் பார்த்திருக்கிறார்கள். விதி தெளிவு.
அந்த விதியை எழுதிய குழுவிலும்
நான் இருந்தேன்.

பேனாவை எடுத்தேன்.
ஹெச் போட்டேன். மீதியும் போட்டேன்.
வால் இழுக்கக் கை வரவில்லை.

பத்து நிமிடத்தில் சீட்டு திரும்பி வந்தது,
அலுவலகத்து மோரீன் ஒட்டிய மஞ்சள் தாளோடு:
இது நீங்க போட்டதா?
பையனே போட்ட மாதிரி இருக்கு.

மணி அடித்துவிட்டது.
கதவுக்கு வெளியே பெஞ்சில் அவன்,
காலாட்டிக்கொண்டு.