பாக்கி

பெரியாஸ்பத்திரியில் ஃபைலைக் கட்டி
வீட்டுக்கு அனுப்பிய மறுநாள்,
கிளினிக்கைப் பூட்டிவிட்டு
இரவு பத்தரைக்கு வில்லாபுரம் வந்தார்
டாக்டர் ஞானதுரை.

சுகர் மாத்திரையை நிறுத்தினார்.
இருபது வருஷம் எங்களை மிரட்டிய வாய்தான்
"ஜீனி போட்டே குடுங்கம்மா" என்றது.

மணி பார்த்து மார்ஃபின் கொடுக்க,
முதுகுப்புண் உரசாமல் புரட்டிப் போட
எனக்குக் காட்டித் தந்தார்.

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.
இவர் கேட்டார்.
"வலிக்காமப் பாத்துக்குவோம், சோணைமுத்து."
அதுக்குமேல் ஒன்றும் சொல்லாமல்
கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.
தெருவில் பால் வண்டி போகும் நேரமாகிவிட்டது.

ஃபீஸ் வேண்டாமென்றால் இவர் விடமாட்டார்.
முப்பத்தொரு வருஷம்
திருமங்கலம் ரூட்டில் விசில் ஊதியவர்.
எண்பதுக்கு நூறாக நீட்டினார்.
டாக்டரிடம் சில்லறை இல்லை.
மருந்துச் சீட்டைத் திருப்பி
நடுங்கும் விரலால் எழுதினார்: 20.
"எறங்கும்போது வாங்கிக்கிறேன்."

மாசி பதினேழு. விடியவில்லை.
சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டவர்
சட்டைப்பையைத் துழாவி
இரண்டு பத்து ரூபாய்த் தாள்களைத்
தலைமாட்டில் வைத்தார்.

நெற்றிக்காசு தேடிக்கொண்டிருந்த கொழுந்தன்
கையை நீட்டினான்.
தொடாதே, என்றேன்.