பதினாலாம் வரிசை, இடது ஓரம்

எழுநூற்று எண்பது இருக்கைகள்.
நான் எண்ணியதில்லை. வேலை ஒப்பந்தத்தில் இருந்தது:
பெரிய மண்டபம், இருக்கை 780,
நேரம் ஒன்றரை மணி.
ஒன்பது வருடமாகக்
கொலோன் பல்கலைக்கழகத்தைக்
கீழிருந்துதான் படித்திருக்கிறேன்.
எந்தத் துறை சூரியகாந்தி விதை கொறிக்கும்,
எந்தப் பரீட்சைக்கு முதல் நாள்
நகத்துணுக்குகள் கூடும்,
பலகைக்கு அடியில் ஒட்டிய சூயிங்கம்
எத்தனை நாளில் கல்லாகும்.

இரண்டு கடிதமும் ஒரே கிழமையில் வந்தன.
ஒன்று இங்கிருந்து:
ஏழு இலக்கத்தில் மாணவர் எண்,
அதன் கீழே கட்ட வேண்டிய காசு,
அதன் கீழே
'இயந்திரத்தால் அச்சானது,
கையொப்பமின்றியும் செல்லுபடியாகும்.'

மற்றது வேசர் ஆற்றோரம்
ஒரு சின்னக் கல்லூரி.
மொத்தமே நூற்றறுபது பேர்.
யோகரூபி என்று
மைப்பேனாவால் எழுதியிருந்தார்கள்,
ஓர் எழுத்தும் பிசகாமல்.

நேர்காணலுக்குப் போனேன்.
ஒரு மேசை, பன்னிரண்டு கதிரை.
ஒருத்தர் வராவிட்டால்
கதிரையே காட்டிக்கொடுத்துவிடும்.
பெயரில் எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்று கேட்டார்கள்.
இருபத்திரண்டு வருடத்தில்
அதைக் கேட்ட முதல் வாய்.
திரும்பும் ரயிலில்
ஹாம் நிலையம் தாண்டும்வரை
என்னை நானே கூப்பிட்டுப் பார்த்தபடி வந்தேன்.

'சின்னதுக்குப் போங்கோ அம்மா,
அங்க உங்களக் கேப்பினம்' என்றாள் தாரணி.
வாளியைக் காலால் தள்ளியபடி நெவெனா சொன்னாள்:
'பெரியதுக்குப் போ.
பாதியில் விட்டாலும் ஒருவருக்கும் தெரியாது.'
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
ரயில் டிக்கெட்டைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

கேட்பார்கள். அதுதான் யோசனை.
விடைபெறும்போது அந்த அம்மையார்
என் கையைத் தன் இரு கைக்குள் வைத்து,
'உங்கள் கதை எங்கள் பிள்ளைகளுக்கு
எவ்வளவு ஊக்கம்!
ஆண்டு மலரில் போடலாமா?' என்றார்.
நல்ல மனிசி. கண்ணில் பொய்யில்லை.
எனக்கோ
முகாம் இருந்த ஊர் ஞாபகம் வந்தது.
ஆயிரம் பேர்தான்.
நான் எந்த மாதம் எதற்கு அழுதேன் என்று
பேக்கரிக்காரிக்கும் தெரியும்.
அன்பாகத்தான் தெரியும்.
பாணோடு ஒரு பணிசும் வைத்துத் தருவாள், காசில்லாமல்.
அதை வாங்கி வாங்கியே
நான் ஒரு கதையாகிப் போனேன்.

நாற்பத்தாறு வயதில்
கதையாக இருக்க விருப்பமில்லை.
புள்ளியியல் படிக்க விருப்பம்.
விளங்காமல் முழிக்க விருப்பம்,
யாருக்கும் ஊக்கம் கொடுக்காமல்.

நேற்று விடிய நாலரை.
நெவெனா படிக்கட்டில்.
துடைப்பானைச் சாத்திவிட்டு
ஒன்பது வருடத்தில் முதல் தடவை
இருந்தேன்.
மடிப்புப் பலகை வயிற்றில் இடித்தது.
பலகையில் யாரோ கீறிய படகு, துடுப்பில்லாமல்.
கீழே கரும்பலகையில்
அழிக்க மறந்த ஒரு சமன்பாடு.
தினமும் அழிப்பேன், வாசித்ததில்லை.
வாசித்தேன். விளங்கவில்லை.
மீதி எழுநூற்று எழுபத்தொன்பதில்
ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.
அவ்வளவு நிம்மதி.

சின்னக் கல்லூரிக்கு
மறுப்புக் கடிதம் எழுத மூன்று இரவு.
'வருந்துகிறேன்' என்று எழுதி,
சம்பிரதாயமாய் இருக்கிறதென்று வெட்டி,
உண்மையாகவே வருந்துவதால்
திரும்ப எழுதினேன்.
அந்த மேசையை இனியும் நினைப்பேன்,
என் பெயரைப் பிழையில்லாமல் சொன்ன
பன்னிரண்டு கதிரைகளை.

ஒக்டோபரில் இந்த மண்டபத்தை
வேறு யாரோ கூட்டுவார்கள்.
எல்லா இருக்கையின் அடியையும்
வழக்கம்போலச் சுரண்டினேன், ஒன்றைத் தவிர.
விளக்கு அணைந்திருந்தாலும்
கைவைத்தால் தெரிய வேண்டும்:
பச்சை, புதினா,
இன்னும் முழுதாகக் காயாதது.