இருபது

வலங்கைமான் கொள்முதல் நிலையம்.
அறுபத்திரண்டு மூட்டை, ஈரப்பதம் பதினேழு.
ரசீதில் எல்லாம் சரி, பெயரைத் தவிர:
'சௌந்தர', ஒட்டினாற்போல்
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

பணம் ஏறவில்லை.
இது வேறு ஆள் என்றது வங்கி.

கும்பகோணத்து மாடியறையில் உட்கார்ந்து
அந்தக் கட்டத்துக்கு
இருபது என்று வேலி போட்டவன் நான்.
ஒரு வேலிக்கு இருபது மா,
அந்தக் கணக்கு எங்கள் வீட்டிலும் உண்டு.
நான் நினைத்தது இருபது எழுத்து.
எந்திரம் அளந்தது இருபது பைட்.

போனில் விரல்விட்டு எண்ணினார் சௌந்தரவல்லி:
"சௌ, ந், த, ர, வ, ல், லி.
ஏழுதானே சார்?"

ஏழுதான்.
எந்திரம் கொம்பையும் புள்ளியையும் பிரித்து வைக்கும்;
அப்போது பதினொன்று.
துண்டுக்கு மூன்று பைட், ஆக முப்பத்துமூன்று.
'வ'வின் இரண்டு பங்கு உள்ளே வந்துவிட்டது,
மூன்றாவது வரப்பிலேயே நின்றுவிட்டது.
முக்கால்வாசி வந்த எழுத்தை
யாராலும் வாசிக்க முடியாது.

இருபதை இருநூறாக்க
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
அப்புறம்தான் பழைய பட்டியலைத் திறந்தேன்.
செல்வி, வேம்பு, பாபு, மதி...

அந்தக் குறுவை முழுக்க
சின்னப் பெயர்க்காரர்களுக்குத்தான்
பணம் போயிருக்கிறது.