நேர்மை வாரம்

பிரெஸ்டனில் மழை விட்டபாடில்லை.
முதலாம் வகுப்புக் கதவில், மாதா படத்துக்கும்
தீப்பிடித்தால் ஓடும் வழிக்கும் நடுவே
ஒட்டியிருக்கிறது: இந்த வாரம் நேர்மை.
போன வாரம் பொறுமை.
அதை நாங்கள் செவ்வாயோடு முடித்துக்கொண்டோம்.

மிஸ் டொனெலனின் மேசையில் கண்ணாடிப் போத்தல்.
ஒரு நற்செயலுக்கு ஒரு போளை.
கழுத்துவரை நிறைந்தால்
எல்லாரும் பைஜாமாவோடு பள்ளிக்கு வரலாம்.

நான் மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்பவள்.
பட்டாணி உருண்டால் குனிபவள்,
சப்பாத்து நாடா கட்டிவிடுபவள்.
காஸ்பர் என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தான்.
"மூன்று போளை நான் போட்டது. வீட்டிலிருந்து."
என்ன நன்மை செய்தாய்?
"ஒன்றுமில்லை. போத்தல் மெதுவாக நிறையுது."

கம்பளத்தில் கொட்டினார்கள்.
இருபத்தாறு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துப் பார்க்க
பச்சை நரம்போடியது, விளிம்பு உடைந்தது,
அண்ணனுடைய நீலம் என்று
தன்னுடையதை அவனே பொறுக்கினான்.
நிறையாத போத்தல் இன்னும் கொஞ்சம் இறங்கிற்று.
ஒருத்தி அழுதாள்,
அவளுடைய பைஜாமாவில் யூனிகார்ன் இருக்காம்.

"சொன்னதுக்கு ஒன்று போடலாமா மிஸ்?"
யாரோ கேட்டார்கள்.
மிஸ் யோசித்தார்.
காஸ்பர் வேண்டாமென்று தலையசைத்தான்.
காது இரண்டும் சிவப்பு.

ஒன்றரைக்கு மேசைகளைத் துடைத்தேன்.
ஏப்ரன் பைக்குள் மடித்த நேரத்தாள்,
திங்களுக்குப் பதினைந்து நிமிடம்
கூட்டி எழுதியது.
அலுவலகத்தில் பேனை இரவல் கேட்டேன்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
தெரியவில்லை.