அழி

கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டியதும்
கடைப்பலகை எழுத்தெல்லாம் உருண்டுகொண்டது.
அதுவரை விடாமல் பேசிவந்தவர்
வாய் மூடினார்.
வழி கேட்க நான்தான் இறங்க வேண்டியிருந்தது.

உடுமலையில் எழும்பும் வீட்டுக்குக்
கதவு பார்க்க வந்திருக்கிறோம்.
மனை அவர் பேரில்,
கடன் என் சம்பளத்தில்.
கதவில் என்ன பூ என்பதை மட்டும்
நானே முடிவு செய்யலாமாம்.

சித்தூர் ஆற்றுக்கு அப்புறம், வயலுக்கு நடுவில்
வடக்கேப்பாட்டு மாளிகை.
ஆளுக்கு நாற்பது ரூபாய். செருப்பு முற்றத்தில்.
கருப்புத் தரை பாதத்தைக் குளிர்ந்து வாங்கியது.

காவலர் சங்குண்ணி
தூணுக்குத் தூண் தட்டிக் காட்டினார்:
இது தேக்கு, இது ஈட்டி, மேலே மச்சு முழுக்கப் பிலாவு.
"ஆணி ஒண்ணுகூட இல்லா, கேட்டோ."
மூன்றாவது தடவை சொன்னபோது கேட்டேவிட்டேன்,
பின்னே எப்படி நிற்கிறது?
இரண்டு கைவிரல்களையும் கோத்து
இறுக்கிக் காட்டினார்.
மேலே மரக்குலையில் வாழைப்பூவைக்
குருவியொன்று இருநூறு வருஷமாய்க்
கொத்தப்போகிறது.

சென்னியப்பன் டேப்பை நீட்டினார்.
உயரம் ஏழே கால், அகலம் மூன்றரை.
"தாமரைக்கு எத்தனை இதழுன்னு எண்ணு."
பதினாறு என்றேன்.
எண்ணவில்லை.

ஏணி மாதிரி நின்ற படியில்
முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.
வவ்வால் வாடை. எண்ணெய் வாடை.
சுவர் இருக்க வேண்டிய இடத்தில்
வெளியே சாய்ந்த மரச்சட்டங்கள்.
"இது அழி. பெண்ணுங்க இங்கே இருந்து உத்சவம் காணும்.
அவங்களை ஆரும் காணில்லா" என்று சொல்லிவிட்டு
சங்குண்ணி அடுத்த கூட்டத்துக்கு இறங்கிப்போனார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அழி என்றால்
கரும்பலகையைத் துடைப்பது.

உட்கார்ந்தேன். ஒரு சட்டம் மட்டும்
நடுவில் பள்ளமாய்த் தேய்ந்து பளபளத்தது.
எதற்கென்று புரியாமல் குனிந்தபோது
என் தாடை அதில் போய் அமர்ந்தது.

கீழே அவர் வெளியே வந்தார்.
இடம் பார்த்தார், வலம் பார்த்தார்.
பையில் என் போன் துடித்தது.
துடிக்கட்டும்.

இருபத்தோரு வருஷத்தில்
இவர் என்னைத் தேடி நான் பார்த்ததில்லை.
எப்படிப் பார்ப்பது,
தேடும்போது நான் அங்கே இருந்ததில்லையே.
உச்சியில் வழுக்கை ஒரு ரூபாய் அளவு.
யாரோ கடந்தால் தொப்பையை உள்ளே இழுக்கிறார்.
ஆள் போனதும் விடுகிறார்.

வெயில் நகர்ந்து செருப்புகளின் மேல் ஏறியிருந்தது.
தன்னுடையதை மாட்டிக்கொண்டவர்
நின்றார்.
குனிந்து ஒரு ஜோடியை எடுத்தார்,
பூனைக்குட்டியைக் கழுத்தில் தூக்குவதுபோல
இரண்டு விரலால்.
இலஞ்சி நிழலில் வைத்தார். கோணலாய் இருந்ததாம்,
காலால் தள்ளி நேராக்கினார்.

அது என் செருப்பு இல்லை.
என்னுடையது பழுப்பு,
கல்தூண் ஓரம், நடுவெயிலில்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்து
"என்றெ செருப்பெவிடே?" என்று
முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.
இவர் வானத்தில் ஏதோ பார்த்தார்.

சிரித்துவிட்டேன். நெற்றி மரத்தில் மோதியது.
சத்தம் கேட்டு நிமிர்ந்தார்,
கண்ணுக்குமேல் கைவைத்து
நேரே என் முகத்தை,
என் முகத்தையேதான்,
பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.
ஆசாரி கெட்டிக்காரன்.

இறங்கிவந்து மாட்டினேன். தோசைக்கல்.
விரலை மடக்கிக்கொண்டு நடந்தேன், சொல்லவில்லை.
"எங்கே போயிட்டே?"
"மேலே."
நிழலில் வெறுமையாய் இருந்த இடத்தை அவரும்
ஒருமுறை பார்த்தார்.

சாவடி நெருங்கும்போது கேட்டார்,
தாமரையா, யாளியா?
"கதவு உங்க இஷ்டம்.
மாடியிலே எனக்கு ஒரு அழி வேணும்,
வாசலைப் பார்த்து."
"அழியா? அதை நான் அளக்கலையே.
எத்தனை உயரம்?"

"என் தாடை உயரம்."