ரசீது எண் பதினேழு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
துப்பாக்கிகள் வரத் தொடங்கின.
பழஞ்சேலையில் சுற்றி ஒன்று,
உரச்சாக்குக்குள் ஒன்று,
டிவிஎஸ் வண்டியில் கரும்புபோலக் குறுக்கே கட்டி ஒன்று.
மணிமுத்தாற்றுக் கால்வாய்க்கு இந்தப் பக்கம்
உரிமம் உள்ளவை மொத்தம் பத்தொன்பது.
நான் ஸ்டேஷன் ரைட்டர்.
ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா, நம்பர், தோட்டா எத்தனை,
கார்பன் வைத்து அழுத்தி எழுதி
மேல்தாளைக் கிழித்துக் கொடுப்பேன்.

“பன்னிக்குத் தெரியுமாய்யா எலெக்‌ஷன்?”
கேட்டது கொம்பையா.
முந்தின ராத்திரி மட்டும் நாற்பது வாழைக்கன்று.
“குறைதீர் நாள்ல மனுக் குடுத்தா
தகரத்தத் தட்டுங்கன்னு சொல்லுதாவ.
நான் தட்டுதேன்,
அது தாளத்துக்கு ஏத்தாப்ல திங்குது.”

பின்னால் நின்ற ஞானதிரவியம் சார்,
அப்பா விட்டுப்போன துப்பாக்கியை
ஒருநாளும் சுட்டறியாதவர்,
“திருப்பியே குடுத்திராதீங்க ரைட்டர்” என்றார்.
“எல்லாத்தையும் உருக்கி மண்வெட்டி அடிங்க.”
“உமக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது வே.”
“வாழைக்கு வச்சது மனுசன் பக்கம் திரும்ப
எம்புட்டு நேரம் ஆவும்?”
“அப்போ அருவாளுக்கு லைசென்ஸ் கேளும்.
நம்ம பக்கம் விழுந்த தலையெல்லாம்
எதுல விழுந்துச்சு?”

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
என் முதுகுக்குப் பின்னால் சொத்து அறை.
பிடியில் சணல் கட்டி, குற்ற எண் எழுதி
இருபத்தேழு அருவாள்கள்.
ஒன்றுக்கும் உரிமம் இல்லை.
கொம்பையா சொல்வது சரிதான்.
ஆனால் அந்த இருபத்தேழில்
பதினொரு பேர் ஓடிப் பிழைத்திருக்கிறார்கள்.
ஒருவன் பாபநாசம் பஸ்ஸில் தொற்றி,
ஒருவன் நடவு வயலில் விழுந்து எழுந்து.
அருவாள் பக்கத்தில் வந்தாக வேண்டும்.
அது வருவதற்குள் ஒரு வரப்பு கிடைக்கிறது.
இதை அங்கே நான் சொல்லவில்லை.
எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

பதினேழாவதாக வந்தது பேராச்சியின் மகன்.
கையெழுத்துப் போட்டான், ரசீதை அம்மாவிடம் நீட்டினான்,
வண்டியைத் திருப்ப வெளியே போனான்.
அவள் மேசைமேல் குனிந்தாள்.
“கோயில் கொடை வரிச் சண்டை ஓடுதுல்லா,
அன்னிக்கு ராவுல இதத் தொடச்சிட்டே இருந்தான்.
பன்னிக்கு யாரு அம்புட்டு நேரம் தொடப்பா?
பொறவு குடுத்திராதிய ஐயா.”
“சட்டத்துல இடமில்லம்மா.
ரசீது கொண்டாந்தா குடுத்துத்தான் ஆவணும்.”
அவள் ரசீதை ஒருமுறை பார்த்தாள்.
நாலாக மடித்தாள்.

ஓட்டு எண்ணினார்கள். வெடி போட்டார்கள்.
பதினெட்டு துப்பாக்கிகள் வீடு போய்ச் சேர்ந்தன.
“ரசீதக் காணும் சார், அம்மா எங்கயோ வச்சிட்டா.”
கார்பன் நகல் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது,
நீலமாக, ஒரு எழுத்தும் அழியாமல்.
“தேடிட்டு வாங்க” என்றேன்.

மூன்று தடவை வந்தான்.
நாலாவது தடவை அவள் மட்டும் வந்தாள்.
மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்:
கடித்துத் துப்பிய வாழைக்குருத்து.
“அறுவது போச்சு.
அவன் சோறு திங்காம படுத்துக் கெடக்கான்.”
கொடு என்று கேட்க வந்தாளா,
கொடுக்காதே என்று மறுபடி சொல்ல வந்தாளா?
கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.
குருத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

ராத்திரி ரெண்டு மணி.
சென்ட்ரி தன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு
டீ ஆற்றிக்கொண்டிருக்கிறான்.
அதற்கு ரசீது கேட்க ஊரில் ஆளில்லை.
நாளை இன்ஸ்பெக்டர் பதிவேடு பார்க்க வருகிறார்.
பதினேழாம் பக்கத்தில் குருத்தின் கறை.
மலைப்பக்கம் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
இப்போது சத்தம் நின்றுவிட்டது.
பன்றி போய்விட்டதோ,
வாழைதான் தீர்ந்துவிட்டதோ.